49 அடி, ஒரு கறுப்புக் கோடு, ஒரு கூம்பு

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இந்தப் பதிவு முளைச்சதும் அந்த ஆணியிலிருந்துதான்.

மீட்டிங்கில் மேனேஜர் "இந்த மாட்யூல் எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டார். என் மனசுக்குள்ள இருந்த கணக்கு: எல்லாம் ஒழுங்கா நடந்தா எட்டு நாள், டேட்டாபேஸ் பக்கம் சொதப்பினா இருபது நாள். வாயில் வந்தது: "பன்னிரண்டு நாள் சார்." மறுநாள் வாடிக்கையாளருக்குப் போன சார்ட்டில் அந்தப் பன்னிரண்டு ஒரு நேர்க்கோடாக, முடியும் தேதியோடு ஜம்முனு உட்கார்ந்திருந்தது. எட்டையும் காணோம், இருபதையும் காணோம். வேலை முடிஞ்சது பதினெட்டாம் நாள். திட்டு யாருக்கு விழுந்ததுன்னு சொல்லத் தேவையில்லை :-)

திட்டு வாங்கின கடுப்பில் வீட்டுக்கு வந்து, "சந்தேகத்தை மறைச்சு ஒரே எண்ணைச் சொன்னதால் இதுக்கு முன்னாடி யாரெல்லாம் மாட்டியிருக்காங்க?"னு தேட ஆரம்பிச்சேன். எனக்குப் போனது ஒரு வார நிம்மதி. அமெரிக்காவில் ஒரு நகரமே போயிருக்கு. அந்தக் கதையில் ஆரம்பிச்சு, சந்தேகத்தை வரைபடத்தில் எப்படிக் காட்டுறதுன்னு இருபத்தஞ்சு வருஷமா அவங்க பட்ட பாட்டைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1997: நாற்பத்தொன்பது

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ்னு ஒரு ஊர். சுமார் ஐம்பதாயிரம் பேர். ஊரை ஒட்டி ரெட் ரிவர் ஓடுது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினசோட்டா மாநிலம், அங்கே ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ்னு ஒரு குட்டித் தம்பி ஊர்.

இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே கனடாவை நோக்கி ஓடுற ஆறு. வசந்த காலத்தில் தெற்கேதான் முதலில் பனி உருகும், வடக்கே இன்னும் உறைஞ்சே கிடக்கும். உருகின தண்ணீர் வந்து உறைஞ்ச பகுதியில் முட்டும். இது போதாதுன்னு அந்த நிலம் முழுக்க ஒரு பழங்கால ஏரியின் அடித்தரை. தட்டு மாதிரி சமதளம். கரையைத் தாண்டின தண்ணீர் நிற்கிறதுக்கு ஒரு மேடு கிடையாது.

1996-97 குளிர்காலத்தில் அங்கே பனிப்புயல் மேல் பனிப்புயல். பிப்ரவரியிலேயே தேசிய வானிலை சேவை ரெண்டு எண்களைச் சொல்லிடுச்சு. இனி மழையோ பனியோ பெய்யாவிட்டால் ஆறு 47.5 அடி வரை ஏறும், வழக்கமான அளவு பெய்தால் 49 அடி வரை ஏறும். ஊருக்குள் நின்னது ரெண்டாவது எண்தான். நாற்பத்தொன்பது.

இந்த எண்ணுக்கு ஒரு ராசி இருந்தது. 1979ல் வந்த பெரிய வெள்ளம் 48.8 அடி. அதை மண்மூட்டை போட்டு ஊர் சமாளிச்சிருந்தது. ஆகவே "49"னு கேட்டதும் ஜனங்க மனசில் வந்த படம், "எழுபத்தொன்பது மாதிரிதான், அதைவிட ரெண்டு அங்குலம் கூட". ஆற்றங்கரைத் தடுப்புகளை 52 அடிக்கு உயர்த்தினாங்க. மூணு அடி கூடுதல் பாதுகாப்பு. மாணவர்கள், விமானப்படைத் தள ஆட்கள், கடைக்காரர்கள்னு எல்லாரும் வரிசையில் நின்னு மண்மூட்டை கட்டினாங்க.

ஏப்ரல் முதல் வாரம் இன்னொரு பனிப்புயல் அடிச்சது. ஊர்ப் பத்திரிகை வழக்கப்படி அதுக்கு 'ஹன்னா'ன்னு பேர் வெச்சது. ஏப்ரல் நடுவில் ஆறு ஏற ஏற முன்னறிவிப்பும் பின்னாலேயே ஏறிச்சு. 18ஆம் தேதி தடுப்புகள் உடைய ஆரம்பிச்சது. 19ஆம் தேதி, ஊரே தண்ணீரில் நிற்கும்போது நகர மையத்தில் தீப்பிடிச்சு 11 கட்டடங்கள் எரிஞ்சுது. இடுப்பளவு தண்ணீருக்கு நடுவில் நின்னு தீயை அணைக்கத் தண்ணீர் கிடைக்காமல் தீயணைப்பு வீரர்கள் தவிச்சாங்க. ரெண்டு ஊரும் ஏறக்குறைய முழுசா காலி. ஆறு கடைசியாகத் தொட்ட உயரம் 54.35 அடி.

49க்கும் 54.35க்கும் வித்தியாசம் அஞ்சேகால் அடிதான். மலைப்பாங்கான ஊராக இருந்தா ஆற்றோரம் ரெண்டு தெரு முங்கியிருக்கும். தட்டு மாதிரி ஊரில் அஞ்சேகால் அடி என்பது ஊரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை. மாதிரியில் உயரவாக்கில் செஞ்ச ஒரு சின்னப் பிழை, வரைபடத்தில் கிடைவாக்கில் கிலோமீட்டர் கணக்கில் பரவிடுது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வேற வேஷத்தில் திரும்ப வரும்.

ஏன் தப்பாச்சு? பின்னாடி வந்த ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடிச்ச (பொட்டி தட்டுறவனா ரொம்ப வலிச்ச) காரணம் ஒண்ணு உண்டு. ஆற்றில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகும்னு முதலில் கணக்குப் போடுறாங்க. அவ்வளவு தண்ணீர் போனா மட்டம் எவ்வளவு உயரும் என்பதை ஒரு வளைகோட்டை வெச்சுப் படிக்கிறாங்க. அந்த வளைகோடு பழைய வெள்ளங்களின் அளவுகளிலிருந்து வரைஞ்சது. 1997 வெள்ளமோ அந்த அளவுகளுக்கு வெளியே போயிடுச்சு. வளைகோட்டை அப்படியே நீட்டிப் படிச்சிருக்காங்க. டெஸ்ட் பண்ணாத இன்புட்டைக் கொடுத்தா ப்ரோக்ராம் ஏதோ ஒரு பதிலைத் துப்பும், ஆனா அந்தப் பதிலுக்கு யாரும் உத்தரவாதம் கிடையாது. அதே கதைதான்.

ஆனா விவாதம் தப்பான எண்ணோட நிற்கலை. ரோஜர் பீல்கே என்ற ஆய்வாளர் 1999ல் இதைப் பற்றி எழுதின கட்டுரையின் சாரம்: முன்னறிவிப்பு தவறுவது சகஜம், பழைய முன்னறிவிப்புகளும் பல அடி தவறியிருக்கு, அது அந்தத் துறையில் இருந்தவங்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் மண்மூட்டை கட்டினவனுக்குப் போய்ச் சேரலை. சிலர் 49ஐ அப்படியே துல்லியமான எண்ணாக எடுத்துக்கிட்டாங்க. சிலர் "அதிகபட்சமே 49தான்"னு எடுத்துக்கிட்டாங்க. அதை நம்பி வெள்ளக் காப்பீடு எடுக்காமல் விட்டவர்களும் உண்டு. நேட் சில்வர் 2012ல் வந்த தன் புத்தகத்தில் பழைய பிழைகளை வெச்சு ஒரு கணக்குப் போட்டிருக்கார். தடுப்பைத் தண்ணீர் தாண்டுறதுக்கு ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்ததாம்.

மூணில் ஒரு பங்கு! மூணு பஸ்ஸில் ஒண்ணு கவிழும்னு தெரிஞ்சா யாராவது குழந்தைகளை ஏத்துவாங்களா? "49"னு மட்டும் சொன்னா எல்லாரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துடுவாங்க. சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னா ஜனங்க நம்ப மாட்டாங்களோ என்ற பயம்தான் அந்தக் காலத்து முன்னறிவிப்பாளர்களைத் தடுத்ததுன்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பயம் நல்லாவே புரியுது. மீட்டிங்கில் எனக்கும் அதேதானே.

கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் பிறகு வெள்ள முன்னறிவிப்புகள் மெல்ல மாறிச்சு. "இத்தனை அடியைத் தாண்ட இத்தனை சதவீத வாய்ப்பு"ன்னு வரைபடங்கள் வர ஆரம்பிச்சது. ஊரும் மாறிச்சு. ஆற்றோரத்து லிங்கன் டிரைவ் மாதிரியான குடியிருப்புகளை விலைக்கு வாங்கி, வீடுகளை எடுத்துட்டு, பூங்காவாக விட்டுட்டாங்க. புதுத் தடுப்புகளை ரொம்ப உயரமா கட்டினாங்க. 2009லயும் 2011லயும் ஆறு 49 அடியைத் தாண்டிச்சு. ஊர் நனையலை. அன்னிக்குச் சொன்ன எண் பன்னிரண்டு வருஷம் லேட்டா வந்து பார்த்துட்டுப் போயிருக்கு :-)

2004: கறுப்புக் கோடு

சரி, "சந்தேகத்தை மறைக்காதே, வரைஞ்சு காட்டு"ன்னு கிராண்ட் ஃபோர்க்ஸ் பாடம் சொல்லுது. வரைஞ்சு காட்டினா பிரச்சினை தீர்ந்துடுமா? அதைப் பார்க்க வெள்ளத்தை விட்டுப் புயலுக்கு வருவோம். ஏன்னா சந்தேகத்தைப் படமாகவே வரைஞ்சு தினமும் லட்சக்கணக்கான பேருக்குக் காட்டினது புயல்காரங்கதான்.

மயாமியில் இருக்கும் தேசிய சூறாவளி மையம் 2000களின் தொடக்கத்திலிருந்து ஒரு கூம்பு வரைஞ்சு வெளியிட்டு வருது. டிவியில் பார்த்திருப்பீங்க. புயல் இப்ப இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து போகப் போக அகலமாகும் வெள்ளைக் கூம்பு. ஆரம்ப வருஷங்களில் அதன் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தது.

கூம்பை எப்படி வரையறாங்கன்னு பார்த்தா நம்மாளுங்களுக்குப் பிடிக்கும். 12 மணி நேரம், 24, 36, 48 என்று 120 மணி நேரம் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வட்டம். வட்டத்தின் அளவு, போன அஞ்சு வருஷ முன்னறிவிப்புப் பிழைகளில் மூணில் ரெண்டு பங்கு உள்ளே அடங்குற மாதிரி. எல்லா வட்டங்களையும் ஒட்டிச் சேர்த்து வரைஞ்சா கூம்பு. அவ்வளவுதான்.

இதில் மூணு விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, கூம்பு காட்டுறது புயலின் *மையம்* எங்கே போகலாம் என்பதை மட்டும். புயலின் அகலம் அதில் இல்லை. காற்று, மழை, கடல்நீர் எல்லாம் கூம்புக்கு வெளியேயும் தாராளமா வரும்.

ரெண்டு, மூணில் ரெண்டு பங்கு உள்ளேன்னா மூணில் ஒரு பங்கு வெளியே. திரும்பவும் அதே மூணில் ஒண்ணு!

மூணு, ஒரு பருவம் முழுக்க எல்லாப் புயலுக்கும் அதே அளவு வட்டங்கள்தான். இந்தப் புயல் சாது, அந்தப் புயல் கிறுக்குன்னு கூம்புக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பழைய பிழைகள் மட்டும்தான்.

இப்ப 2004 ஆகஸ்ட். சார்லின்னு ஒரு புயல் கியூபாவைத் தாண்டி ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை நோக்கி வருது. கறுப்புக் கோடு கரையைத் தொட்ட இடம் டாம்பா விரிகுடா பக்கம். அங்கே சுமார் பத்து லட்சம் பேரை வெளியேறச் சொன்னாங்க. அதில் பலரும் உள்நாட்டில் இருக்கும் ஆர்லாண்டோ பக்கம் கிளம்பினாங்க.

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. (ஆமா, வெள்ளிக்கிழமை 13. அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் பேசியிருப்பான்.) சார்லி சில மணி நேரத்தில் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 240 வரை உக்கிரமாச்சு. கூடவே லேசா வலப்பக்கம் திரும்பிச்சு. மதியம் நாலு மணிக்குள் காயோ கோஸ்டா என்ற தீவில் ஏறி, புன்டா கோர்டா, போர்ட் ஷார்லட் ஊர்களைப் பிரிச்சு மேய்ஞ்சுது. டாம்பாவுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. ஓய்வு பெற்றவர்கள் தகர வீடுகளில் நிறைஞ்சிருந்த பகுதி அது. அன்னிக்கு ராத்திரி அதே புயல் ஆர்லாண்டோ மேலேயே ஏறிப் போச்சு. டாம்பாவிலிருந்து தப்பிச்சு வந்தவங்களை வீடு தேடி வந்து பார்த்த மாதிரி.

லேசான திருப்பம் ஏன் நூறு கிலோமீட்டர் ஆச்சு? ஃப்ளோரிடாவின் மேற்குக் கரை கிட்டத்தட்ட தெற்கு வடக்காக ஓடுது. புயலும் கிட்டத்தட்ட தெற்கிலிருந்து வடக்கே வருது. ரெண்டும் ஏறக்குறைய இணையாகப் போகும்போது, திசையில் ஒரு சின்ன மாற்றம் கரை ஏறும் இடத்தை ரொம்ப தூரம் தள்ளிடும். கிராண்ட் ஃபோர்க்ஸில் தட்டை நிலம் செஞ்ச வேலையை இங்கே சாய்வான கரை செஞ்சிருக்கு. மாதிரியில் இருக்கும் பிழை சின்னதுதான். அதைப் பெருசாக்குறது நிலத்தின் வடிவம்.

கொடுமை என்னன்னா, புன்டா கோர்டா கூம்புக்குள்தான் இருந்தது. சூறாவளி எச்சரிக்கையும் முந்தின நாளே கொடுத்தாச்சு. விதிப்படி பார்த்தா முன்னறிவிப்பு தப்பே இல்லை. ஆனா பல பேர் "எங்களுக்கு எச்சரிக்கையே வரலை"ன்னாங்க. அவங்க பார்த்தது கோட்டை. கோடு டாம்பாவுக்குப் போச்சு. மையத்தின் அப்போதைய இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் "அந்தக் கோட்டைப் பார்க்காதீங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டேதான் இருந்தார். கோட்டை வரைஞ்சு வெச்சுட்டு அதைப் பார்க்காதேன்னா யார் கேட்பா?

அந்தப் பருவம் முடிஞ்சதும் மையம் ஒரு நல்ல காரியம் பண்ணிச்சு. "கோட்டை எடுத்துடலாமா?"ன்னு ஜனங்ககிட்டயே கேட்டுச்சு. பதில் சொன்னவங்களில் பெரும்பான்மையோர் சொன்னது: கோடு இருக்கட்டும்! கடைசியில் கோடு போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணுன்னு ரெண்டு விதமாவும் படங்களைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

2007ல் கென்னத் பிராட் குழு இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிச்சு. கூம்பை ஜனங்க எப்படியெல்லாம் தப்பா படிச்சாங்கன்னு அதில் இருக்கு. கூம்புதான் சேதமாகும் பகுதின்னு சிலர் நினைச்சாங்க. கூம்புக்கு வெளியே இருந்தா பத்திரம்னு சிலர். அப்புறம் 2010களில் உட்டா பல்கலைக்கழக ஆட்கள் செஞ்ச சோதனைகளில் இன்னொண்ணு தெரிஞ்சது. கூம்பு அகலமாகிக்கிட்டே போறதைப் பார்த்து, "புயல் பெருசாகிக்கிட்டே போகுது"ன்னு ஆட்கள் படிச்சாங்களாம். நம்முடைய சந்தேகம் வளர்றதைக் காட்ட வரைஞ்ச படம், புயல் வளர்றதா போய்ச் சேர்ந்திருக்கு. சரி, கூம்பு வேண்டாம், சாத்தியமான பாதைகளை எல்லாம் நூடுல்ஸ் மாதிரி தனித்தனிக் கோடுகளாகப் போட்டா? அப்ப ஒரு கோடு தன் இடத்தைத் தொட்டுட்டா, அது நூறில் ஒரு கோடா இருந்தாலும், ஆள் பதறுறான். கண்ணைக் கட்டுது :-(

கூம்பின் ஓரம் எவ்வளவு முக்கியமாகிப் போச்சுன்னா, 2019 செப்டம்பரில் டோரியன் புயல் சமயத்தில் அதிபர் டிரம்ப் அலபாமாவுக்கும் ஆபத்துன்னு சொல்லிட்டு, சில நாள் கழிச்சு ஒரு கூம்புப் படத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் யாரோ கறுப்பு மார்க்கரால் கூம்பை அலபாமா வரை நீட்டியிருந்தாங்க. சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா அந்த மார்க்கர் கோடும் புன்டா கோர்டா ஜனங்க நம்பினதையேதான் நம்புது: கூம்பின் ஓரம் ஒரு மாநில எல்லை மாதிரி, உள்ளே வந்தா ஆபத்து, வெளியே போனா இல்லை.

2022: பத்து சதவீதம்

மூணாவது கதைதான் என்னை ராத்திரி தூங்க விடலை.

2022 செப்டம்பர் 28. இயன் புயல். சார்லி ஏறின அதே காயோ கோஸ்டா தீவு, அதே மணிக்கு 240 கிலோமீட்டர். முந்தின நாட்களில் எல்லார் கண்ணும் எங்கே இருந்ததுன்னு நினைக்கிறீங்க? அதே டாம்பா. பதினெட்டு வருஷம் கழிச்சு அதே படம் ரீ-ரிலீஸ்.

இந்தத் தடவை கருவிகள் ரொம்பவே முன்னேறியிருந்தது. கூம்பு மட்டும் இல்லை. கடல்நீர் எந்த இடத்தில் எத்தனை அடி உயரத்துக்கு ஊருக்குள் வரும், அதுக்கு எத்தனை சதவீத வாய்ப்புன்னு தனி வரைபடங்களே இருந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் கேட்டது எல்லாம் கையில் இருந்ததுன்னு வெச்சுக்கோங்க.

அது மட்டுமில்லை. அடி வாங்கின லீ மாவட்டத்தின் அவசரகாலத் திட்டத்தில் தெளிவா எழுதியே வெச்சிருந்தாங்க: தரைக்கு மேல் ஆறு அடி கடல்நீர் வர பத்து சதவீத வாய்ப்பு இருந்தாலே தாழ்வான பகுதிகளைக் காலி பண்ண ஆரம்பிக்கணும். பத்து சதவீதம்தான். நிதானமா யோசிச்ச யாரோ, புயல் இல்லாத ஒரு நாளில் எழுதின வரி அது. ஒருத்தரும் நீரில் சாகக் கூடாதுன்னா பத்தில் ஒன்பது தடவை வீணா கிளம்ப வேண்டியிருக்கும், பரவாயில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

செப்டம்பர் 25, ஞாயிறு ராத்திரியே அந்த மாவட்டத்தின் சில இடங்களுக்கு முன்னறிவிப்பு அந்தப் பத்தைத் தொட்டிருந்தது. பக்கத்து மாவட்டங்கள் சில திங்கட்கிழமையே வெளியேறச் சொல்லிடுச்சு. லீ மாவட்டத்தில் உத்தரவு வந்தது செவ்வாய்க்கிழமை காலை. புயல் கரை ஏறினது புதன் மதியம். ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் பத்து முதல் பதினைந்து அடி வரை கடல் ஏறிச்சு. ஃப்ளோரிடாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. நேரடியாப் புயலுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடல்நீரில் மூழ்கினவங்க. லீ மாவட்டத்தில்தான் அதிகம்.

ஏன் தாமதம்னு கேட்டப்ப வந்த பதில்களில் முக்கியமானது: முன்னறிவிப்பு வடக்கே காட்டிச்சு, நாங்க கூம்பின் ஓரத்தில்தான் இருந்தோம்.

உத்தரவு போடுறது சுலபமான வேலைன்னு நான் சொல்லலை. வீணா கிளப்பினா அடுத்த தடவை ஒருத்தனும் நகர மாட்டான், முதியோர் இல்லங்களைக் காலி பண்ணும்போதே உயிர் போகலாம், கடைக்காரன் திட்டுவான். ஆனா அந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தானே பத்து சதவீதம்னு எழுதினாங்க? எழுதின எண் ஒரு பக்கம், வெள்ளைக் கூம்பு ஒரு பக்கம். கண்ணு கூம்பைத்தான் பார்த்திருக்கு.

எனக்குப் புரிஞ்சது

மூணையும் வரிசையா வெச்சுப் பாருங்க. 1997ல் சந்தேகத்தைச் சொல்லவே இல்லை. 2004ல் வரைஞ்சாங்க, ஜனங்க நடுக்கோட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2022ல் சதவீதமாவே கொடுத்தாங்க, எத்தனை சதவீதத்தில் என்ன செய்யணும்னும் எழுதியிருந்தது, அப்பவும் ஒரு நாள் போயிடுச்சு.

முதலில் நான் இதை ஒரு வரைகலைப் பிரச்சினைன்னுதான் நினைச்சேன். நல்ல நிறம், நல்ல ஐகான், மங்கலான ஓரம் போட்டா சரியாகிடும்னு. அதெல்லாம் தேவைதான். சூறாவளி மையமும் 2024ல் கூம்போடு சேர்த்து உள்நாட்டு எச்சரிக்கைப் பகுதிகளையும் நிறம் போட்டுக் காட்டும் ஒரு படத்தைச் சோதனை முறையில் கொண்டு வந்தது. ஆனா எந்தப் படமானாலும் அதைப் பார்க்கிறவன் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "நான் கிளம்பணுமா, வேண்டாமா?" அதுக்குப் படத்தில் பதில் இல்லேன்னா அவனே ஒரு பதிலைக் கண்டுபிடிச்சுக்குவான். கோடு என் ஊரைத் தொடுதா? கூம்புக்குள்ள இருக்கேனா? 49ஐ விட என் சுவர் உயரமா? சந்தேகத்தை எப்படி வரைஞ்சாலும் அவன் அதை ஒரு கோடாகத்தான் சுருக்கிக்குவான், ஏன்னா அவன் எடுக்க வேண்டிய முடிவு ஆமா அல்லது இல்லை. அதைத் தப்புன்னு சொல்ல முடியாது.

அப்ப அந்தக் கோட்டை எங்கே போடணும் என்பதை அவன் தலையில் கட்டாமல், நாமதான் முன்கூட்டியே போட்டுக் கொடுக்கணும். புயல் எங்கே வரும் என்ற கோடு இல்லை. "உங்க தெருவுக்கு இத்தனை வாய்ப்பு. இத்தனைக்கு மேல போனா கிளம்பணும்னு போன வருஷமே முடிவு பண்ணிட்டோம். இப்ப தாண்டிடுச்சு" என்ற கோடு. லீ மாவட்டத்தின் திட்டத்தில் அது இருந்தது, ஆனா ஜனங்க பார்த்த படத்தில் இல்லை. என் வருத்தம் அங்கேதான்.

நம்ம ஊரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 2009 வாக்கிலிருந்து புயல் பாதையோடு கூம்பு வரைஞ்சு வெளியிடுது. அடுத்த தடவை வங்காள விரிகுடாவில் ஒண்ணு கிளம்பும்போது அந்தப் படத்தைப் பொறுமையா பாருங்க. நடுக்கோடு எந்த ஊருன்னு மட்டும் பார்த்து "நமக்கு இல்லைப்பா"ன்னு சேனல் மாத்துறதுக்கு முன்னாடி, புன்டா கோர்டாவை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

நம்ம துறையிலும் ஒரு கூம்பு உண்டு, தெரியுமா? 1981லேயே பேரி போம் தன் புத்தகத்தில் வரைஞ்சிருக்கார். ஒரு ப்ராஜெக்டின் ஆரம்பத்தில் போடுற மதிப்பீடு நாலு மடங்கு வரை மேலேயோ கீழேயோ போகலாம், போகப் போகக் குறுகும்னு. புயல் கூம்பு போகப் போக விரியும், நம்மது குறுகும். ஸ்டீவ் மெக்கானல் பின்னாடி அதுக்கு வெச்ச பேரும் புயல்காரங்க சொல்ற அதே 'நிச்சயமின்மைக் கூம்பு'தான்.

இதையெல்லாம் படிச்ச வேகத்தில் போன வாரம் அடுத்த மாட்யூலுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னேன்: "சார், எட்டு முதல் இருபது நாள் ஆகும். பன்னிரண்டுக்குள் முடிய பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்தாம் நாள் டேட்டாபேஸ் வேலை முடியலைன்னா ரிப்போர்ட் பக்கத்தை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிடலாம், அதை இப்பவே முடிவு பண்ணிடுவோம்."

மேனேஜர் கவனமா கேட்டார். தலையாட்டினார். "குட். அப்ப பன்னிரண்டுன்னு போட்டுக்கறேன்"னார்.

பத்தாம் நாள் விஷயத்தை மட்டும் விடாமல் மெயிலில் எழுதி அனுப்பி, "ஓகே"ன்னு பதில் வாங்கி வெச்சிருக்கேன். பார்ப்போம்.

உங்க வேலையில், ஊரில் இந்த மாதிரி ஒத்தை எண்ணை நம்பி மாட்டின கதை இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஆற்றோரம், கடலோரம் இருக்கிற மக்கள் கண்டிப்பா சொல்லுங்க.